பட்டியலும் அணியும் வகை மாற்றமும்

நம் இல்லங்களில் பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலை விருப்பப் பாடமாக எடுத்துப் பயிலும் பிள்ளைகள் பலர் உளர். தில்லியாயினும், மும்பையாயினும், கொல்கத்தாவாயினும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் வழியில் பயில்வோர்க்கு அப்பாடத்தில் இன்று கற்பிக்கப்படும் நிரல்மொழி பைதான் என்பதாகும். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் இம்மொழியே இடம்பெற்றுள்ளது. பிள்ளை பாடத்தில் இடறி நிற்கும்போது, “இது எங்கள் காலத்துப் படிப்பு அன்று, கண்ணா, பள்ளியில் ஆசிரியரைக் கேள்” என்று சொல்லி நாளிதழை விரித்துக்கொள்ளும் தந்தையரை நாம் அறிவோம். அவர்கள் அவ்வாறு ஒதுங்குவதற்குக் காரணமே இல்லை என்பது நம் துணிபு. பேரேடு எழுதியவரும், சங்கத்துச் சந்தாப் புத்தகத்தைக் காத்தவரும், திருமண அழைப்பு அனுப்பப் பெயர்ப் பட்டியல் வகுத்தவரும் அறிந்துள்ளவற்றையே இப்பாடத்தின் ஒரு பெரும்பகுதி வேறு பெயர்களால் கேட்கிறது. அப்பகுதி எதுவெனில், பட்டியல், அணி, வகை மாற்றம் என்னும் மூன்றுமாம்.

பைதான் என்றதும் மலைப்பாம்பை நினைக்க வேண்டுவதில்லை. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-ஆம் ஆண்டில் இம்மொழியை முதன்முதலாக வெளியிட்டபோது, ‘மான்ட்டி பைதான்’ என்னும் ஆங்கில நகைச்சுவைக் குழுவின் நினைவாகவே இப்பெயரைச் சூட்டினார். இதனைப் பெறுவதற்குக் காசு கொடுக்க வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் இயங்கும். இப்போது வழக்கிலுள்ள மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம் என்பதும் நம்மவர் பலர் அறியாத செய்தி. ‘பெயர்கள்’ என்று தமிழெழுத்தில் ஒரு மாறியை அமைத்தால் அது தடையின்றி ஏற்றுக்கொள்ளும்.

முதற்கண் பட்டியலைக் காண்போம். சதுர அடைப்புக்குள் உருப்படிகளைக் காற்புள்ளியிட்டு எழுதினால் அது பைதானில் லிஸ்ட் எனப்படும் பட்டியல்.

பெயர்கள் = ['வள்ளி', 'முருகேசன்', 'தங்கம்', 'சரசுவதி']

இதில் முதல் உருப்படியின் சுட்டெண் 1 அன்று, 0 ஆகும். இது பிள்ளைகளை மயக்கும் முதல் இடம். அடுக்குமாடி வீட்டில் வாழும் நம் வாசகர்க்கோ இதில் மயக்கமே தோன்றலாகாது. தெருவிலிருந்து நேரே நுழையும் தளம் தரைத்தளம். லிஃப்டில் அதற்கு 0 என்று பொறித்திருப்பதும் உண்டு. ஒரு படிக்கட்டு ஏறிய பின்னரே முதல் மாடி. சுட்டெண் என்பது எத்தனையாவது என்று கூறுவதன்று. தொடக்கத்திலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கிறது என்று கூறுவது. ஈற்றில் நிற்பதை −1 என்று கேட்டுப் பெறலாம். இனி, [0:3] என்று ஒரு பகுதியைக் கேட்டால் 0, 1, 2 ஆகிய மூன்று உருப்படிகளே வரும், 3 வாராது. நெடுஞ்சாலையில் 0 எனப் பொறித்த கல்லிலிருந்து 3 எனப் பொறித்த கல் வரை நடந்தவன் கடந்த தொலைவு மூன்றேயன்றி நான்கன்று. அவ்வளவே செய்தி.

சேர்ப்பதும் நீக்குவதும் எளியவை. ஈற்றில் சேர்க்க ‘அப்பெண்ட்’, இடையில் நுழைக்க ‘இன்செர்ட்’, பெயர் சொல்லி நீக்க ‘ரிமூவ்’. இவற்றுள் கடைசியில் மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பட்டியலில் முருகேசன் என்ற பெயருடையார் இருவர் இருப்பின், முதலில் நிற்பவரே நீக்கப்படுவார். சந்தா கட்டாத முருகேசனை நீக்கப் புகுந்து, கட்டிய முருகேசனை நீக்கிவிட்டுப் பொதுக்கூட்டத்தில் விழிக்கும் நிலை எந்தச் செயலாளர்க்கும் வரலாகாது!

இரண்டாவது மயக்கம் இதனினும் நுட்பமானது. ‘பழையது’ என்றொரு பட்டியல் இருக்க, ‘புதியது = பழையது’ என்று எழுதினால் படியெடுத்ததாக மாணவர் எண்ணிக்கொள்கின்றனர். படி எடுக்கப்படவில்லை, ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயர் வைக்கப்பட்டது. வீட்டில் ஒருவரையே அக்காள் ‘தம்பி’ என்கிறாள், மகள் ‘அப்பா’ என்கிறாள், மைத்துனர் ‘மாப்பிள்ளை’ என்கிறார். பெயர் மூன்றாயினும் ஆள் ஒருவரே. தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அப்பாவுக்கும் காய்ச்சல்தான். ‘புதியது’ என்பதிலிருந்து ஒரு பெயரை நீக்கினால் ‘பழையது’ என்பதிலிருந்தும் அது போய்விடும். தனியே ஒரு படி வேண்டுமாயின் ‘காப்பி’ என்று வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். இதனோடு ஒத்த இன்னொன்று: ‘சார்ட்’ என்பது பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு வெறுங்கையுடன் திரும்பும், ‘சார்ட்டட்’ என்பது பழையதைத் தொடாமல் வரிசைப்படுத்திய புதிய பட்டியலைத் தரும். முன்னதன் விடையை மாறியில் பிடித்து வைக்க முயன்றால் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை, என்பதே கையில் மிஞ்சும். தேர்வு வினாக்களுக்கு இது நல்ல தீனி என்பதைப் பிள்ளைகள் நினைவிற்கொள்க.

இனி அணி. ‘அர்ரே’ என்பதற்குத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் சொல் அணி. பட்டியலுக்கும் அணிக்கும் வேற்றுமை யாதென வினவும் பிள்ளைக்குச் சமையலறைக்குள் அழைத்துச் சென்று விடை கூறலாம். அடுக்குத் தூக்கு எனப்படும் டிபன் காரியரில் ஓரடுக்கில் சோறும், ஓரடுக்கில் குழம்பும், மற்றோரடுக்கில் அப்பளமும் வைக்கலாம். பைதானின் பட்டியல் அத்தகையது. எண், சொல், இன்னொரு பட்டியல் என எவற்றையும் அதில் கலந்து வைக்கலாம். இட்லித் தட்டு அவ்வாறன்று. குழிகள் யாவும் ஓரளவின. எல்லாக் குழியிலும் மாவேதான். அணி அதனைப் போன்றது. எல்லாம் ஒரே வகையாக, நினைவகத்தில் அடுத்தடுத்து நெருங்கி இருப்பதனால், இலட்சக்கணக்கான எண்களை அது மிக விரைவாகக் கையாளும். எண்கணக்கிற்காக உலகெங்கும் பயன்படும் ‘நம்பை’ என்னும் நூலகத்தின் அணியையே நாம் இங்கே கருதுகிறோம்.

வேற்றுமை எங்கே வெளிப்படும் எனின், பெருக்கும்போது வெளிப்படும். [1, 2, 3] என்ற பட்டியலை 2 ஆல் பெருக்கினால் [1, 2, 3, 1, 2, 3] என வரும். அதாவது பட்டியல் இருமுறை எழுதப்படும். அதே எண்களை நம்பை அணியாக்கி 2 ஆல் பெருக்கினாலோ 2, 4, 6 என ஒவ்வொன்றும் இரட்டிக்கும். பட்டியலை 6.25 ஆல் பெருக்கச் சொன்னால் பைதான் பிழையென்று மறுத்துவிடும். ஒரு பட்டியலை ஆறேகால் முறை எழுதுவது எங்ஙனம்?

ஆறேகால் என்றதும் மூத்த வாசகர்க்கு ஒரு நினைவு எழும். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய நாணயம் பதின்ம முறைக்கு மாறிற்று. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அதன்பின் நூறு நயா பைசா. ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆதலால், அணாவில் விலை சொல்லிப் பைசாவில் வாங்கிய அந்நாட்களில், ‘மிச்சக் கால் யாருக்கு?’ என்னும் வினா ஒவ்வொரு கடைமுனையிலும் எழுந்திருக்க வேண்டும். வகை மாற்றம் என்னும் பாடத்துக்கு இதனினும் சிறந்த பயிற்சி நூலில் இல்லை. அணாக்களை ஓர் அணியாக அமைத்து 6.25 ஆல் பெருக்குக.

அணா: [1, 2, 3, 4, 6, 10]

பைசா: [6.25, 12.5, 18.75, 25.0, 37.5, 62.5]

இவற்றை முழு எண்ணாக்கல் வேண்டும். ‘இன்ட்’ என்னும் மாற்றத்தைக் கொண்டு செய்தால் 6, 12, 18, 25, 37, 62 என வரும். அது புள்ளிக்குப் பின்னுள்ளவற்றை வெட்டி எறிகிறது, 18.75 என்பதைப் 19-க்கு அண்மையது என்று கருதிப் பார்ப்பதில்லை. ‘ரவுண்ட்’ என்பதைக் கொண்டு செய்தால் 6, 12, 19, 25, 38, 62 என வரும். இங்கே ஒரு வியப்பு உண்டு. 37.5 மேலேறி 38 ஆயிற்று, 12.5-உம் 62.5-உம் கீழிறங்கி 12, 62 ஆயின. சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளுவதே நாம் பள்ளியில் கற்ற வழக்கம். பைதான் அவ்வாறு செய்யாது. பாதியில் நிற்பதனை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டு செல்லும். நெடுங்கணக்கில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பதே அவ்வழக்கத்தின் நோக்கம். எது சரி என்று கேட்பதைவிட, எந்த வழக்கம் கையாளப்படுகிறது என்று கேட்டு அறிந்துகொள்வதே கணக்கர்க்கு அழகு. தாத்தா பாட்டியர் இருக்கும் இல்லங்களில் இப்பயிற்சியை அவர்களுடன் அமர்ந்து செய்து பார்க்கலாம். பிள்ளை பொத்தானைத் தட்டட்டும். அணாவின் வாய்ப்பாட்டை அவர்கள் சொல்லட்டும்.

நம்பை அணியைப் பற்றி ஒன்று கூறி மேலே செல்வோம். 250, 75, 1000 என முழு எண்களால் அமைந்த அணியில், முதலிடத்தில் 62.75 என்று வைத்தால் அது மறுமொழி கூறாது 62 என்று வைத்துக்கொள்ளும். பைதானோடு வரும் ‘அர்ரே’ என்ற எளிய அணியில் அதையே செய்தால் அது பிழையென்று நின்றுவிடும். வாய்விட்டு மறுப்பவனிடம் நமக்கு இடர் இல்லை. வாய்மூடி முக்கால் ரூபாயை விழுங்குபவனிடமே விழிப்பு வேண்டும். இனி, எண்களுக்கிடையே ஒரே ஒரு சொல்லை வைத்து நம்பை அணி அமைத்தாலோ, அத்தனை எண்களும் சொற்களாகவே மாறிவிடும்.

எண் சொல்லாவதும் சொல் எண்ணாவதும் என்ன பொருள் என்று ஒருவர் கேட்கலாம். இதுவே பாடத்தின் உயிர்நிலை. விசைப்பலகையில் தட்டி உள்ளே செல்லும் எதுவும் பைதானுக்கு முதலில் எழுத்துச் சரமே. 250 என்று தட்டினாலும் அது ‘2’, ‘5’, ‘0’ என்னும் மூன்று குறிகளின் கோவையே தவிர இருநூற்றைம்பது அன்று. ஆதலால் '250' + '75' என்றால் 325 வாராது. '25075' என வரும். மூவர் கட்டிய சந்தாவை ['75', '250', '1000'] என எழுத்தாகவே வைத்துக்கொண்டு, இவற்றுள் பெரியது எது என்று கேட்டுப் பாருங்கள். '75' என்று விடை வரும்! அகராதியில் சொற்களை ஒப்பிடுவதுபோல் முதற்குறியை முதலில் ஒப்பிடுவதால், 7 என்று தொடங்குவது 1, 2 என்று தொடங்குவனவற்றுக்குப் பின்னே, அதாவது ‘பெரியதாக’, நிற்கிறது. இத்தகைய பிழையில் இயந்திரம் ஒரு முணுமுணுப்பும் செய்யாது. எழுபத்தைந்து ரூபாய் கொடுத்தவர் பெருங்கொடையாளராகி மேடையில் மாலை சூட்டிக்கொள்வார்.

எழுத்தை எண்ணாக்க ‘இன்ட்’, பதின்மப் புள்ளியுள்ள எண்ணாக்க ‘ஃப்ளோட்’, எண்ணை எழுத்தாக்க ‘ஸ்ட்ரிங்’ என்பதன் சுருக்கமான பெயர் என மூன்று கருவிகள் உள. 62.75 என்ற எண்ணை ‘இன்ட்’ ஏற்று வெட்டும்; '62.75' என்ற எழுத்துச் சரத்தையோ ஏற்காது, பிழை கூறும். முதலில் ‘ஃப்ளோட்’ ஆக்கிப் பின்னரே ‘இன்ட்’ ஆக்கல் வேண்டும். நாம் இலட்சத்தை எழுதும் முறைப்படி '1,25,000' எனக் காற்புள்ளியிட்டுக் கொடுத்தால் இரண்டும் மறுக்கும். காற்புள்ளிகளை முன்னரே களைந்து கொடுத்தல் வேண்டும். ஆயினும், '௨௫௦' எனத் தமிழ் எண்களில் கொடுத்துப் பாருங்கள்: தயங்காமல் 250 என ஏற்றுக்கொள்ளும்! பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள தமிழ் இலக்கங்களை அது அறியும். பத்துக்கெனப் பழைய சுவடிகளில் வழங்கிய ‘௰’ என்ற தனிக்குறியை மட்டும் ‘இன்ட்’ ஏற்காது. ஏனெனில் அது இடமதிப்பால் இயங்கும் இலக்கம் அன்று.

எண்போலத் தோன்றுவன யாவற்றையும் எண்ணாக்கிவிட வேண்டுமென்பதும் இல்லை. சென்னையின் தொலைபேசிக் குறியீடு 044; தில்லிக்கு 011; மும்பைக்கு 022; கொல்கத்தாவுக்கு 033. '044' என்பதை எண்ணாக்கினால் 44 ஆகிவிடும். முன்னின்ற பூச்சியம் போனது போனதுதான். நாம் பிள்ளைகளுக்குக் கூறும் விதி ஒன்று உண்டு. இதனைக் கூட்டிப் பார்க்கவோ, சராசரி காணவோ ஒருவர்க்கு என்றேனும் தேவை வருமா என்று கேட்க வேண்டும். வரும் எனில் எண். வாராது எனில் அது எண்ணுருவில் எழுதிய பெயர். தொலைபேசி எண்ணும், அஞ்சல் குறியீடும், வீட்டு இலக்கமும் பெயர்களே. அவை எழுத்தாகவே இருக்கட்டும்.

பெயர் என்றோம். நம்மைப் போல் ஊர்விட்டு ஊர்வந்த குடும்பங்கட்கு இப்பாடத்தில் உள்ளபடியே உறுத்தும் இடம் இதுதான். ஒரு முழுப்பெயரைக் கொடுத்து, இடைவெளி உள்ள இடங்களில் துண்டாக்கிப் பட்டியலாகத் தருமாறு கேட்பதற்கு ‘ஸ்ப்ளிட்’ என்று பெயர். பயிற்சி நூல்களில் பெரும்பாலும் காணும் எடுத்துக்காட்டு யாதெனில், அப்பட்டியலில் 0 என்பது தன் பெயர், −1 என்பது குடும்பப் பெயர் என்பதாம். ‘எஸ். முருகேசன்’ என்பதை அவ்வாறு துண்டாக்கினால் ['எஸ்.', 'முருகேசன்'] என வரும். நிரல் அவருடைய தன் பெயர் ‘எஸ்.’ எனவும், குடும்பப் பெயர் ‘முருகேசன்’ எனவும் எழுதிக்கொள்ளும். பின்னொரு நாள் ‘அன்புள்ள எஸ்.’ என்று அவருக்கு வாழ்த்து மடலும் அனுப்பும். அவர் மகன் ‘மு. கண்ணன்’. அவனுடைய குடும்பப் பெயர் நிரலின் கணக்கில் ‘கண்ணன்’. மனைவி ‘மு. வள்ளி’, அவருக்கு ‘வள்ளி’. ஒரே கூரையின் கீழ் ஒரே உலையில் உண்ணும் மூவரை, குடும்பப் பெயரால் தொகுத்து எண்ணும் நிரல் மூன்று குடும்பம் என்று எண்ணும். குடும்பத்துக்கு ஒரு மடல் என்று சங்கம் தீர்மானித்திருந்தால் அவ்வீட்டுக்கு மூன்று மடல் செல்லும். சந்தா நினைவூட்டும் மடலாயின், வீட்டில் பேச்சும் மூன்று மடங்காகும்.

இடைவெளியே இல்லாமல் ‘எஸ்.முருகேசன்’ என்று நெருக்கி எழுதிவிட்டாலோ, பட்டியலில் உருப்படி ஒன்றே. அப்போது 0-உம் −1-உம் ஒன்றையே காட்டும். தன் பெயரும் அதுவே, குடும்பப் பெயரும் அதுவே. தன் பெயரே இருமுறை அச்சாகிய அட்டையை வைத்திருக்கும் அன்பர்கள் நம் வாசகருள்ளும் இருப்பர். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு நிரலர் எழுதிய இரண்டு வரி இவ்வாறு இருந்திருக்கலாம். படிவத்தில் கடைப்பெயர் கட்டாயம் என்பதால் தந்தையின் பெயரை அங்கே இட்டு, பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமும் கடவுச்சீட்டில் வேறுவிதமுமாகப் பெயர் அமைந்து, இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதி அலைந்தோரின் வருத்தம் சிறிதன்று. தமிழர்க்கு முதலெழுத்து இருப்பதும், அது தந்தையின் பெயரைக் குறிப்பதும், சிலர்க்கு அதன்முன் ஊரின் எழுத்தும் நிற்பதும் அந்நிரலர்க்குத் தெரியாது. அறியாமையைக் குற்றமென்று கூற நமக்கு மனமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் நாளை அந்த நாற்காலியில் அமரும்போது அறியாதவர்களாக இருக்கலாகாது அன்றோ?

செய்ய வேண்டியது கடினமன்று. பெயரைத் துண்டாக்கி அதிலிருந்து குடும்பத்தை ஊகிக்கவே கூடாது. முழுப்பெயரை ஒருவர் எழுதித் தந்தவாறே ஒரு சரமாக வைத்துக்கொள்க. முதலெழுத்து, அதன் விரிவு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு வாங்குக. ஒரு குடும்பம் என்பதை உணர்த்தக் குடும்ப இலக்கம் ஒன்றைத் தருக. அதுவும் எழுத்தாகவே இருக்கட்டும். ஒவ்வொருவர்க்கும் இவ்வாறு ஒரு சிறு பட்டியல் அமையும். அவை யாவும் ஒரு பெரும் பட்டியலுள் அடங்கும். பட்டியலுக்குள் பட்டியல் என்று பாடநூல் கூறுவதன் பயன் இதுவே. நம் பழைய உறுப்பினர் ஏடுகளைக் கணினியில் ஏற்ற முன்வரும் இளைஞர்கள் இதனை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பின்னர்ப் பெருந்தொல்லை நீங்கும்.

ஒரு சொல்லையே பட்டியலாக்கச் சொன்னால் என்னாகும்? ‘ஸ்ப்ளிட்’ என்னாமல் ‘லிஸ்ட்’ என்னும் மாற்றத்தையே சொல்லின்மேல் ஏவினால், அது குறி குறியாகப் பிரித்துத் தரும். இங்கே ஓர் இனிய சண்டைக்கு இடமுண்டு. “பாட்டி, ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?” என்று பேத்தி கேட்கிறாள். “த, மி, ழ், மூன்று” என்று பாட்டி விரல் மடக்குகிறார். “இல்லை பாட்டி, ஐந்து என்கிறது கணினி” என்கிறாள் அவள். கணினி காட்டும் பட்டியல் இது:

['த', 'ம', 'ி', 'ழ', '்']

பாட்டியின் கணக்கே இலக்கணம். கணினி எண்ணுவது எழுத்தையன்று, குறியீட்டை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோடு முறையில், நம் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் வழங்கப்படவில்லை. உயிரெழுத்துக்கும், அகரமேறிய மெய்க்கும், கொம்பு கால் முதலிய துணைக்குறிகளுக்கும், புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும் சேர்ந்து இரண்டு. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. ஆகவே அப்பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினால், புள்ளி தனக்கு உரிய எழுத்தைவிட்டு முன்னே வந்து அந்தரத்தில் நிற்கும். ஒரு பெயரின் முதல் மூன்றெழுத்தை மட்டும் எடுத்து அட்டையில் அச்சிட விரும்பி [0:3] என்று வெட்டினால், ‘முருகேசன்’ என்பதில் ‘முர’ என்பதே கிடைக்கும், ‘முருகே’ கிடைக்காது.

வேறொரு நுட்பமும் இதில் மறைந்துள்ளது. ‘கொ’ என்னும் எழுத்தை இருவகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு. ‘கொழுந்து’ என்ற பெயரைத் தேடினால், பட்டியலில் கண்ணெதிரே அது இருக்கும்போதே இல்லையென்று விடை வரக்கூடும். இவ்விரண்டையும் ஒருமைப்படுத்தும் கருவி பைதானிலேயே உண்டு. தேடுமுன் இரு பக்கத்தையும் அதனால் ஒருமைப்படுத்திக்கொள்ள வேண்டும். எழுத்துகளை நம் இலக்கணப்படி த, மி, ழ் என்றே பிரித்துப் பட்டியலாகத் தருவதற்கும் தமிழன்பர்கள் ஆக்கிய ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் நூலகம் இருக்கிறது. எவரும் விலையின்றிப் பெறலாம்.

நம் இல்லங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவர்களுட் சிலர்க்குச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு கசக்கிறது, கணினி இனிக்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன், உயிர்மெய்யில் உயிர் எங்கே ஒளிந்துள்ளது என்று வகுப்பில் கேட்கத் தோன்றாத வினாக்கள், ஐந்துக்கும் மூன்றுக்கும் வழக்கு நேரும்போது தாமே தோன்றுகின்றன. தமிழ் ஆசிரியர்கள் இதனைக் கருதிப் பார்ப்பார்களாக.

எஞ்சியது வரிசை. பெயர்களை அகரவரிசையில் அடுக்குமாறு ‘சார்ட்டட்’ என்பதிடம் கேட்டால் அது யூனிகோடு எண்ணின் வரிசையிலேயே அடுக்கும். அவ்வரிசை நம் நெடுங்கணக்கோடு பெரும்பாலும் ஒத்துச் செல்லும். சில இடங்களில் பிரியும். வடவெழுத்தாகிய ஜகரம் அங்கே சகரத்தை அடுத்து நிற்கிறது. னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ளகரத்துக்குப் பின்னரே ழகரம் வருகிறது. நாம் பள்ளியில் பாடம் பண்ணியதோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்பது. ஆதலின் சரசுவதி, தங்கம், வள்ளி, ஜானகி என நாம் எழுதும் நால்வரைக் கணினி சரசுவதி, ஜானகி, தங்கம், வள்ளி என அடுக்கும். இதனைத் திருத்த வழி உண்டு. நெடுங்கணக்கின் எழுத்துகளை நாம் விரும்பும் வரிசையில் ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, அவ்வெழுத்து அப்பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளதோ அந்த எண்களின் பட்டியலாக மாற்றி, அவ்வெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். பட்டியல், துண்டாக்கல், எழுத்தை எண்ணாக்கல், வரிசை என இதுகாறும் கண்ட அனைத்தும் இவ்வொரு பயிற்சியில் அடங்கிவிடுகின்றன. பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டு மாலைப்பொழுது போதும்.

உறுப்பினர் கையேட்டை அச்சிடும் சங்கங்கள் ஜானகியை எங்கே நிறுத்துவது என்பதை அச்சகத்துக்கு அனுப்புமுன் முடிவு செய்துகொண்டு, எவ்வரிசை கையாளப்பட்டது என்பதைக் கையேட்டின் முதற்பக்கத்தில் ஒரு வரியாகக் குறித்துவிடுதல் நலம். தேடுவோர் வீணே ஏடு புரட்ட மாட்டார்கள்.